ஈய எழுத்துக்கு எந்த மதம்?

பெயரைச் சொல், போதும்! படித்த பள்ளிக்கூடம் எதுவென்று சொல், போதும்! குடியிருக்கும் தெரு எதுவென்று சொல், அதுவே போதும்! நீ யார், எந்தக் கோயிலில் மண்டியிடுகிறவன், உனக்கு வேலை தரலாமா கூடாதா, உன் தங்கைக்கு எந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை தேட வேண்டும் — அத்தனையும் எதிரே நிற்பவனுக்கு நொடியில் விளங்கிவிடும்.

நம் ஊர்ச் சேதி என்றா எண்ணுகிறீர்கள், தோழர்களே? உங்கள் மேல் தவறில்லை. ஆனால் நான் சொல்லுவது கடல் கடந்த கதை. வட அயர்லாந்தின் தலைநகராம் பெல்பாஸ்ட் நகரத்துக் கதை.

பெல்பாஸ்ட்! கப்பல் கட்டும் நகரம். மூழ்கிப்போன ‘டைட்டானிக்’ கப்பலின் இரும்புத் தகடுகளில் ஆணி அறைந்த கைகள் அந்த ஊர்க் கைகள்தாம். லினன் துணி நெய்த ஊர், கப்பல் கயிறு திரித்த ஊர், உழைப்பாளி நிறைந்த ஊர். ஆனால் அந்த உழைப்பாளி இரண்டாகப் பிளந்து கிடந்தான். ஒருவன் புராட்டஸ்டண்ட், மற்றவன் கத்தோலிக்கன். இருவரும் தொழுவது ஒரே ஏசுவை. இருவர் கையிலும் ஒரே பைபிள். ஆனாலும் தெரு வேறு, பள்ளி வேறு, சுடுசொல்லும் கல்வீச்சும் மட்டும் பொது!

1920-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்த ஊர்க் கப்பல் பட்டறைகளிலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர்கள் விரட்டி அடிக்கப்பட்டனர். விரட்டியது முதலாளியின் அடியாள் அல்ல; பக்கத்திலே நின்று சுத்தியல் பிடித்த சக தொழிலாளி. “இது தகாது” என்று குறுக்கே நின்ற புராட்டஸ்டண்ட் தொழிற்சங்கத் தோழர்கள் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்தே வெளியே தள்ளினார்கள். 1932-ல் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது இருதரப்பு ஏழைகளும் தோள் சேர்த்துத் தெருவில் இறங்கியதுண்டு. பசி சேர்த்து வைத்தது, சில நாட்கள்தான். பிறகு பழையபடி நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

இப்படிப்பட்ட ஊரிலே, 1948-ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு வீட்டிலே, கையால் இயக்கும் சின்னஞ்சிறு அச்சுப்பொறி ஒன்றில் ஓர் இதழ் பிறந்தது. பெயர் ‘ஸ்லாண்ட்’. சாய்வு என்று பொருள். நடத்தியவர் வால்ட் வில்லிஸ், புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பிள்ளை, அரசாங்க அலுவலர். படம் செதுக்கித் தந்தவர் ஜேம்ஸ் ஒயிட், கத்தோலிக்கப் பிள்ளை, தையற்கடைத் தொழிலாளி.

அரசியல் ஏடா? அல்ல. சமாதானச் சங்கத்தின் துண்டறிக்கையா? அதுவும் அல்ல. விஞ்ஞானக் கதைகளையும் மாயக் கதைகளையும் விரும்பிப் படிப்போர், தங்களுக்குள்ளே நடத்திக்கொண்ட ரசிகர் இதழ்!

“இதென்ன வேடிக்கை! பசித்தவன் முன்னே பறக்கும் தட்டா? உழைத்துக் களைத்தவனுக்குச் செவ்வாய் மண்டலத்துக் கதையா?” என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். கேட்டுவிட்டு, இந்த ரசிகர் இதழ்கள் எப்படிப் பிறந்தன என்பதையும் கேளுங்கள்.

1926-ல் அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். லக்ஸம்பர்க் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். முழுக்க முழுக்க விஞ்ஞானக் கதைகளுக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழ் அது. வாசகர் கடிதங்களை அவர் வெளியிட்டார். கடிதத்தின் அடியிலே எழுதியவரின் முகவரியையும் வெளியிட்டார். அவ்வளவுதான். அந்த முகவரிதான் வித்து! ஊருக்கு ஒருவராய், “இவன் ஏதோ சந்திரனைப் பற்றியே பேசுகிறான்” என்று ஏளனம் செய்யப்பட்டுத் தனித்துக் கிடந்த இளைஞர்கள், ஒருவருக்கொருவர் நேரடியாகக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். ஆசிரியரைத் தாண்டி, முதலாளியைத் தாண்டி, வாசகனும் வாசகனும் கைகோத்தான். கடிதம் சங்கமாயிற்று; சங்கம் இதழ் கண்டது. 1930 மே மாதம் ‘தி காமெட்’ என்ற பெயரில் வெளிவந்த இதழைத்தான் இவ்வகையில் முதலாவது என்று சொல்லுகிறார்கள்.

நம் பக்கத்துப் படிப்பகங்களிலே நாலு பேர் கூடிக் கையெழுத்துப் பத்திரிகை நடத்துவார்களே, அந்த ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசுக்காக நடத்துவதல்ல. கைக்காசு போட்டு நடத்துவது.

கிளீவ்லண்ட் நகரில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள், ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர். பின்னவனின் தந்தை தையற்காரர். இருவரும் 1932-ல் ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ என்று ஒரு சைக்ளோஸ்டைல் இதழ் தொடங்கினார்கள். 1933 ஜனவரியில் அதிலே ஒரு கதை. ‘சூப்பர்மேன்’ என்ற பெயர் அவர்கள் கதையில் தோன்றியது அங்கேதான். அந்தக் கதையில் அவன் வில்லன். பிறகு அவனை நல்லவனாக மாற்றி, 1938-ல் ஒரு கம்பெனிக்கு உரிமையோடு விற்றார்கள். கிடைத்தது எவ்வளவு தெரியுமா? 130 டாலர். கம்பெனி குவித்ததோ கோடி கோடி. அது தனிக் கதை; அழுவதற்கு உரிய கதை. இப்போது வேண்டாம்.

இந்த இதழ்களுக்குப் பெயர் சூட்டியவரைச் சொல்லியாக வேண்டும். 1940 அக்டோபரில் லூயி ரஸல் சாவனே என்பவர் ‘ஃபேன்ஸீன்’ என்ற சொல்லைப் படைத்தார். ரசிகன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும், பத்திரிகை என்பதற்கான சொல்லின் வாலையும் ஒட்டவைத்த சொல். அவர் சிறுவயதிலேயே செவிப்புலனை இழந்தவர். சதுரங்கத்தில் வல்லவர். நேருக்கு நேர் பேச்சு அவருக்குக் கடினம். அஞ்சலில் வரும் பேச்சுக்கு அந்தத் தடை ஏது?

இனி பெல்பாஸ்ட்டுக்குத் திரும்புவோம்.

வில்லிஸும் ஒயிட்டும் 1947-ல் அறிமுகமானார்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டு. காகிதப் பஞ்சம் தீரவில்லை. அமெரிக்க இதழ்கள் வேண்டுமென்றால் டாலர் வேண்டும். தனி ஆள் டாலர் அனுப்பச் சட்டம் இடம் தராது. எனவே பிரிட்டனில் இருந்த ரசிகர்கள் பண்டமாற்றில் இறங்கினார்கள். உன் நாட்டு இதழை நீ அனுப்பு, என் நாட்டு இதழை நான் அனுப்புகிறேன்! அனுப்புவதற்குத் தன் கையிலேயே ஓர் இதழ் இருந்தால்? வில்லிஸிடம் ‘ஸ்லாண்ட்’ இருந்தது.

அச்சகத்திலே வேலை பார்க்கும் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஈய எழுத்து ஒவ்வொன்றையும் கேஸிலிருந்து விரலால் பொறுக்க வேண்டும். ஸ்டிக்கிலே தலைகீழாக, இடவலம் மாற்றி அடுக்க வேண்டும். வரி நிறைய இடைக்கட்டை செருக வேண்டும். அடுக்கியதை முடுக்கி, மை தடவி, தாள் வைத்து, கைப்பிடியை அழுத்த வேண்டும், ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு அழுத்து. பெரிய அச்சகமானால் எழுத்துக்குப் பஞ்சமில்லை. எழுத்து கொஞ்சமாக வைத்திருப்பவன் ஒரு பக்கத்தை அடித்து முடித்ததும், அதைக் கலைத்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையிலே திரும்பப் போட்டால்தான் அடுத்த பக்கத்தைக் கோக்க முடியும். ஒரு தும்மல், ஒரு கைதவறல்... மாலை முழுவதும் செய்த வேலை தரையிலே!

படத்துக்கு ‘பிளாக்’ எடுக்கப் பணம் வேண்டும். எனவே ஒயிட் தம் கையாலேயே லினோலியத்தைக் கத்தியால் செதுக்கினார். தரையிலே விரிக்கிறார்களே, அந்த லினோலியந்தான். பகலெல்லாம் தையற்கடை; மாலையில் விண்வெளிக் கப்பல்!

இந்த வேலையிலே, எதிரே உட்கார்ந்து எழுத்துப் பொறுக்குகிறவன் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்பது எதற்குப் பயன்படும்? அவன் பொறுக்கிய வரியிலே பிழை இருக்கிறதா, இல்லையா? அவன் செதுக்கிய கட்டையில் மை சமமாகப் பிடிக்கிறதா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான். “மதவேற்றுமை பாராட்டாதே” என்று அவர்கள் யாரும் சபதம் எடுத்துக்கொண்டு கூடவில்லை. வேலை இருந்தது, கை போதவில்லை, கை கொடுத்தவன் தோழனானான். ஆயிரம் உபதேசத்தைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

1950 வாக்கில் பாப் ஷா என்ற இளைஞரும் வந்து சேர்ந்தார். புராட்டஸ்டண்ட். பொறியியல் வரைபட வேலை. இன்னும் சிலரும் வந்தார்கள். வில்லிஸின் வீட்டுக்கு ‘ஆப்ளிக் ஹவுஸ்’ என்று பெயர் வைத்தார்கள், சாய்கோட்டு வீடு. மாடி அறையிலே அட்டையை மட்டையாகப் பிடித்து ஒரு பந்தாட்டம்; அதற்கு ‘கூட்மின்டன்’ என்று ஒரு கோணங்கிப் பெயர். சிலேடை, சிரிப்பு, தேநீர், மை நாற்றம். வீட்டுக்காரி மேடலின் வில்லிஸைப் பற்றி எழுதுகிறவர்கள் தேநீர் ஊற்றிய கதையைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஆடவர் எழுதும் வரலாறு அப்படித்தான் இருக்கும்! அவர் தாமும் எழுதியவர், இதழ் வேலையில் பங்கு கொண்டவர்.

‘ஸ்லாண்ட்’ 7 இதழ்கள் வந்து 1953-ல் நின்றது. ஏன் நின்றது என்று கேட்கும் கம்பாசிட்டர் யாரும் இருக்க மாட்டார்! அதற்கு முன்பே, 1952-ல், வில்லிஸ் இன்னோர் இதழைத் தொடங்கியிருந்தார். இம்முறை ஈய எழுத்து இல்லை. நம் கிளைக்கழகச் சுற்றறிக்கைகள் தயாரித்த அதே முறை: மெழுகுத்தாளிலே டைப் அடித்து, உருளையிலே மாட்டி, மை ஊற்றி, கைப்பிடியைச் சுற்றும் சைக்ளோஸ்டைல். இதழின் பெயர் ‘ஹைபன்’. இணைப்புக் குறி என்று பொருள்! சாய்கோடு இரண்டு சொற்களுக்கு நடுவே நின்று பிரிக்கும். இந்தச் சிறு கோடு இரண்டையும் சேர்க்கும். பெயர் வைத்தவர்கள் இதை எண்ணி வைத்தார்களென்று நான் வாதாட மாட்டேன். பார்த்ததும் என் மனத்தில் பட்டது, சொன்னேன்.

தொடக்கத்தில் வில்லிஸோடு சேர்ந்து ஆசிரியராயிருந்தவர் சக் ஹாரிஸ். இங்கிலாந்துக்காரர். அவருக்கும் காது கேளாது! நேரில் சந்தித்தால் துண்டுத்தாளிலே எழுதிக் காட்டிப் பேசிக்கொள்வார்கள். பின்னட்டையிலே நண்பர்கள் பேச்சுவாக்கில் உதிர்த்த வேடிக்கை வாக்கியங்களைத் தலையும் வாலுமில்லாமல் அச்சிடுவார்கள். அமெரிக்க வாசகர்கள் அதைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்களாம். 1965 வரை 36 இதழ்கள் வந்தன.

அந்த அமெரிக்க வாசகர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. வில்லிஸை அவர்கள் கண்டதில்லை, எழுத்தைத்தான் கண்டார்கள். “இவரை நேரில் பார்க்க வேண்டும்” என்று ஒருவர் தொடங்க, ஊர் ஊராக ரசிகர்கள் சில்லறை சேர்த்தார்கள். அவர்களும் சீமான்கள் அல்லர், மாணவர்கள், குமாஸ்தாக்கள். சேர்ந்த பணத்தில் 1952-ல் வில்லிஸ் கப்பலேறி, சிகாகோ நகரில் நடந்த உலக விஞ்ஞானக் கதை மாநாட்டுக்குப் போனார். பத்தாண்டு கழித்து 1962-ல் மீண்டும் நிதி திரட்டினார்கள். இம்முறை மேடலினும் உடன் போனார்! முதல் பயணம் முடிந்து வந்ததும் வில்லிஸ் சும்மா இருக்கவில்லை. அட்லாண்டிக் கடலின் இரு கரை ரசிகர்களும் மாறி மாறித் தங்களில் ஒருவரை வாக்களித்துத் தேர்ந்து, நிதி திரட்டி அனுப்பும் ஏற்பாட்டுக்கு வழிகோலினார். அந்த நிதி இன்றும் நடக்கிறது. முதலாளியும் இல்லை, அரசாங்க மானியமும் இல்லை. 70 ஆண்டாகச் சில்லறைக் காசில் நடக்கிறது!

1954-ல் வில்லிஸும் ஷாவும் சேர்ந்து ஒரு சிறு நூல் எழுதினார்கள்: ‘மந்திரச் சைக்ளோஸ்டைல்’ என்று தமிழில் சொல்லலாம். ஜோபன் என்ற இளைஞன், குற்றமற்ற இதழை அச்சிடும் மந்திரப் பொறியைத் தேடி மலையும் பாலையும் கடந்து போகிறான். கடைசியில் காண்பது என்ன? ஓட்டை உடைசல் பொறி! ஆனால் அவன் கைப்பிடியைத் தொட்டதும் அது உயிர் பெறுகிறது. பகுத்தறிவுக்காரனுக்கு மந்திரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மந்திரம் பொறியில் இல்லை, சுற்றுகிறவனிடம் இருக்கிறது என்று சொல்லும் மந்திரத்தை நான் ஒப்புக்கொள்ளுகிறேன்!

இப்போது தையற்கடைத் தொழிலாளி ஜேம்ஸ் ஒயிட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

1928-ல் பிறந்தவர். மருத்துவம் படிக்க ஆசை. பணம் இல்லை. 1943-ல், 15 வயதில், தையற்கடை வேலைக்குப் போனார். அணுகுண்டு வீழ்ந்த பிறகு விஞ்ஞானக் கதை இதழ்களைத் திறந்தால் ஒரே அழிவு, ஒரே சாம்பல். “நமக்குப் பிடித்த கதையை நாமே எழுதினால் என்ன?” என்ற பேச்சு நண்பர்களிடையே எழுந்தது. எழுதினார். 1953 ஜனவரியில் லண்டனிலிருந்து வெளிவந்த ‘நியூ வேர்ல்ட்ஸ்’ இதழில் முதல் கதை அச்சேறியது.

1957-ல் அதே இதழில் அவர் கட்டியது ஒரு மருத்துவமனை. டாக்டராக முடியாத தையற்காரர், விண்வெளியிலே 384 அடுக்கில் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்! அங்கே வரும் நோயாளி மனிதன் மட்டுமல்ல. நீரிலே வாழ்வது, நச்சுக்காற்றைச் சுவாசிப்பது, கொதிநீரிலே பிழைப்பது, யானையைவிடப் பெரியது, தும்பியைப்போல் மெல்லியது — அண்டத்தில் உள்ள அத்தனை உயிரும் வரும். வந்த உயிரை நாலு எழுத்தால் குறிப்பார்கள். மனிதனுக்கும் நாலு எழுத்துக் குறி உண்டு. எதற்கு அந்தக் குறி? எந்தக் காற்று கொடுப்பது, எவ்வளவு சூடு கொடுப்பது, எந்தப் படுக்கை கொடுப்பது என்று அறிந்து காப்பாற்றுவதற்கு! பெயரைக் கேட்டதும் இனம் பிரித்து வெறுத்த ஊரிலே பிறந்தவன் எழுதியது இது. இனம் பிரிப்பதை அவர் விடவில்லை. பிரித்ததும் செய்ய வேண்டிய வேலையை மாற்றிவிட்டார்.

இன்னும் கேளுங்கள். வேற்றினத்து நோயாளியைக் கவனிக்க வேண்டுமானால், அந்த இனத்தில் சிறந்த மருத்துவர் ஒருவரின் நினைவு முழுவதையும் டாக்டர் தம் மூளையிலே ஏற்றிக்கொள்ள வேண்டும். வைத்திய அறிவு மட்டும் தனியே வராது. அவருடைய விருப்பு, வெறுப்பு, கோபம், நாக்குருசி எல்லாம் சேர்ந்தே வரும். தம் தட்டில் இருக்கும் சோற்றைப் பார்த்தால் குமட்டும்! எதிராளியாகவே கொஞ்ச நாள் வாழ்ந்தால்தான் எதிராளியின் நோயைத் தீர்க்கலாம் என்று ஏற்பாடு. 1963-ல் வந்த நாவலில் அந்த மருத்துவமனையையே பகைவர் தாக்குகிறார்கள். குண்டு விழுகிறது, டாக்டர்கள் இருதரப்புக் காயம்பட்டவருக்கும் கட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

கதைதான். ஆனால் ஐந்தாறு ஆண்டில் பெல்பாஸ்ட்டிலே நிஜக் குண்டுகள் வெடித்தன. 1960-களின் இறுதியில் மூண்ட கலவரம் 30 ஆண்டு நீடித்தது. 3,500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாய்கோட்டு வீட்டார் அதைத் தடுத்தார்களா? இல்லை. ரசிகர் இதழுக்கு அந்த வலிவு ஏது! வில்லிஸ் அதற்கு முன்பே நகரை விட்டுக் கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தார். ‘ஹைபன்’ இதழில் தொடர்ந்து எழுதி எழுதிப் பழகி, ஒளி கடந்து வர ஆண்டுக்கணக்காகும் கண்ணாடியைப் பற்றி 1966-ல் ஒரு சிறுகதை எழுதி உலகப் புகழ் பெற்றார் பாப் ஷா. அவர் 1973-ல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஒயிட் போகவில்லை. 1965 முதல் 1984 வரை பெல்பாஸ்ட்டின் ஷார்ட்ஸ் விமானத் தொழிற்சாலையில் அலுவல் பார்த்தார். புராட்டஸ்டண்ட் தொழிலாளர் பெரும்பான்மையாயிருந்த தொழிற்சாலை, ஒயிட் கத்தோலிக்கர். பகலில் அங்கே வேலை, இரவில் தம் விண்வெளி ஆஸ்பத்திரி. அந்த வரிசையில் 12 நூல்கள் வந்தன.

சமாதான உடன்படிக்கை 1998-ல் கையெழுத்தானது. ஷா அதைக் காணவில்லை, 1996-லேயே மறைந்துவிட்டார். 1999 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஒயிட் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் வால்ட் வில்லிஸ். மருத்துவமனை வரிசையின் கடைசி நூல் வெளிவந்ததும் அதே 1999-ல்தான்.

1954-ஆம் ஆண்டு உலக மாநாட்டில் ‘ஹ்யூகோ’ பரிசுகள் வழங்கப்படவில்லை. விட்டுப்போன அந்த ஆண்டுக்குரிய பரிசுகளை 50 ஆண்டு கழித்து, 2004-ல் பாஸ்டன் மாநாட்டில் வாக்கெடுத்து அளித்தார்கள். சிறந்த ரசிகர் இதழுக்கான பரிசு, ஏழே இதழ்கள் வந்து நின்றுபோன ‘ஸ்லாண்ட்’ ஏட்டுக்குக் கிடைத்தது. பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஆசிரியர்: வால்ட் வில்லிஸ். ஓவிய ஆசிரியர்: ஜேம்ஸ் ஒயிட்.